மொட்டை மாடியில் கணினி அறிவியல்: பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிப்பவர்கள். கணினி அறிவியல் கற்கத்தான் வருகிறார்கள். ஆனால் முதல் ஏழெட்டு வாரம் கணினியைக் கண்ணில் காட்டுவதில்லை. சாக்பீஸ், பின்பக்கம் வெள்ளையாக உள்ள பழைய கல்யாணப் பத்திரிகைகள், ஒரு டார்ச் லைட், ஒரு பிஸ்கட் பாக்கெட். இவ்வளவுதான் கருவிகள்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. முதல் வருடம் நேராக லேப்டாப்பைத் திறந்து, கல்லூரியில் நான் படித்த அதே வரிசையில் தொடங்கினேன். மாறி, தரவு வகை, அரைப்புள்ளி என்று கணினி மொழியின் இலக்கணம். மூன்றாம் வாரமே பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் நான் எழுதியதைப் பார்த்து அப்படியே தட்டிவிட்டு, திரையில் சிவப்பெழுத்து வந்ததும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். பிழை வந்தால் திட்டு விழும் என்று அவர்களுக்குப் பழகியிருந்தது. அந்தப் பயம் இருக்கும்வரை எந்தக் கணினி மொழியைச் சொல்லிக் கொடுத்தாலும் ஏறாது. பிழை இருப்பது உன்னிடம் இல்லை, நீ எழுதிய வரியில். வரியைத் திருத்தலாம். இது பிள்ளையின் மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வரும். கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அதை மனதில் வைத்துத்தான் அமைத்திருக்கிறேன்.

தொடங்கும் முன்

கணிமைச் சிந்தனை என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கல்யாணச் சமையலுக்கு மாஸ்டர் சாமான் லிஸ்ட் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஐந்நூறு பேர் என்ற பெரிய வேலையைப் பந்தி பந்தியாகப் பிரிக்கிறார். எந்தப் பந்திக்கும் பொதுவானதைக் கண்டுகொள்கிறார். மாப்பிள்ளை யார், பெண் யார் என்பது அவருக்குத் தேவையில்லை, தலை எண்ணிக்கை போதும். கடைசியில், அவர் இல்லாவிட்டாலும் கையாள் செய்துமுடிக்கும்படி வரிசையாகச் சொல்லி வைக்கிறார். பிரிப்பது, பொதுவானதைப் பார்ப்பது, வேண்டாததை விடுவது, படிப்படியாக எழுதுவது. அந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் அல்காரிதம் என்று பெயர். 2006-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜெனெட் விங் எழுதிய ஒரு சிறு கட்டுரைக்குப் பிறகு இந்தச் சிந்தனைமுறை பற்றிய பேச்சு பள்ளிக்கூடங்கள்வரை பரவியது. எழுத, படிக்க, கணக்குப் போடத் தெரிவதுபோல இதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்றார் அவர். எனக்கும் அதே எண்ணம்தான்.

கணினி இல்லையே என்று தயங்காதீர்கள். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் டிம் பெல் என்ற பேராசிரியர், மைக் ஃபெல்லோஸ், இயன் விட்டன் ஆகியோருடன் சேர்ந்து 1990-களிலேயே கணினி இல்லாமல் கணினி அறிவியல் சொல்லித்தரும் விளையாட்டுகளை உருவாக்கினார். சி.எஸ். அன்பிளக்ட் என்று பெயர். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான் செய்யும் பல விளையாட்டுகளுக்கு மூலம் அதுதான், நம் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன்.

எட்டிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தால் நல்லது. வாரம் ஒன்றரை மணி நேரம் போதும். வயது கலந்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் அவர்களுக்கே புரிகிறது. ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். அதற்குப் பிழை நோட்டு என்று பெயர் வையுங்கள். பக்கத்துக்கு மூன்று பத்தி: என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, எந்த வரியை மாற்றினேன். இந்த வகுப்பில் இருக்கும் ஒரே எழுத்துவேலை இதுதான்.

முதல் படி: சொன்னதை மட்டும் செய்யும் இயந்திரம்

ஒரு மேசையில் எலுமிச்சம்பழம், கத்தி, டம்ளர், தண்ணீர், சர்க்கரை டப்பா, ஸ்பூன் ஆகியவற்றை வையுங்கள். நீங்கள்தான் இயந்திரம். பிள்ளைகள் ஜூஸ் போடச் சொல்லித்தர வேண்டும். சொன்னதை மட்டும், சொன்னபடியே செய்யுங்கள். ஊகித்து ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது.

போன முறை நடந்ததைச் சொல்கிறேன். "எலுமிச்சம்பழத்தைப் பிழிங்க" என்றான் ஒருவன். முழுப்பழத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. "ஐயோ, வெட்டிட்டுப் பிழியணும்!" என்றார்கள். வெட்டினேன், பிழிந்தேன், சாறு தரையில் ஓடியது. "டம்ளர்ல அக்கா, டம்ளர்ல!" "சர்க்கரை போடுங்க" என்று அடுத்து வந்தது. டப்பாவோடு தூக்கி டம்ளருக்குள் போடப் பார்த்தேன். மாடியே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும்தான் பாடம் ஆரம்பம். "அக்கா, தப்பா பண்றீங்க" என்று ஒரு பிள்ளை சொல்லும். அப்போது கேளுங்கள்: "எந்த வரி என்னை இப்படிச் செய்ய வைத்தது?" அவர்கள் தேடுவார்கள். 'சர்க்கரை போடு' என்பது 'ஸ்பூனால் டப்பாவிலிருந்து சர்க்கரையை அள்ளு, டம்ளருக்குள் கொட்டு, இதை 2 முறை செய்' என்று மாறும். எல்லா வரிகளையும் எழுதச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து ஓட்டுங்கள். எங்களுக்கு நான்காம் முறையில் ஜூஸ் வந்தது. அந்த நான்கு முறையும் பிழை நோட்டில் இருக்கின்றன.

இந்த வாரத்தோடு ஒரு கதையும் சொல்லுங்கள். 1947-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினி சரியாக ஓடவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சுவிட்சின் இடுக்கில் விட்டில்பூச்சி ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுத்து டேப் போட்டுப் பதிவேட்டில் ஒட்டி, பக்கத்திலேயே குறிப்பும் எழுதினார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் வசம் பூச்சியோடு பத்திரமாக இருக்கிறது. பிழைக்கு பக் என்ற பெயர் அதற்கு முன்பே பொறியாளர்களிடம் புழங்கியதுதான், ஆனால் பிழையைப் பிடித்ததும் மறைக்காமல் ஒட்டி வைத்தார்கள் பாருங்கள், அதைத்தான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வேன்.

இரண்டாம் படி: கட்டத்தில் நடக்கும் ரோபோ

மாடித் தரையில் சாக்பீஸால் ஆறுக்கு ஆறு கட்டம் போடுங்கள். நான்கைந்து கட்டங்களில் செருப்புகளை வையுங்கள், அவை தடைகள். ஒரு பிள்ளைக்குக் கண்ணைக் கட்டி மூலையில் நிறுத்துங்கள். எதிர் மூலைக்குப் போக வேண்டும். மூன்று கட்டளைகள் மட்டும்: ஒரு கட்டம் முன்னே, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு.

முழுப் பாதையையும் முதலிலேயே தாளில் எழுதிவிட வேண்டும், ரோபோ நடக்க ஆரம்பித்ததும் எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. இந்த விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். நடுவில் சொல்லித் திருத்தினால் அது வழிகாட்டுவதாகிவிடும், நிரல் (முன்கூட்டியே எழுதிவைத்த கட்டளைத் தொடர்) ஆகாது. இடது வலது குழப்பம் நிறைய வரும். தான் நிற்கும் திசையிலிருந்து பார்த்து எழுதிவிடுவார்கள், ரோபோ நிற்கும் திசை வேறாக இருக்கும். முன்னே, முன்னே, முன்னே என்று எழுதிக் கை வலித்ததும் யாராவது 'முன்னே 3' என்று சுருக்குவார்கள். "இதுக்கு லூப்னு பேர்" என்று அப்போது சொல்லுங்கள். முன்கூட்டியே சொல்லாதீர்கள்.

மூன்றாம் படி: கோலம்

எதிர்வீட்டு ஆச்சியை ஒரு வாரம் மாடிக்கு அழைத்து வந்தேன். "ஏழு புள்ளி, நாலு வரைக்கும் இடுக்குப் புள்ளி" என்று சொல்லிவிட்டுக் கோலப்பொடியை எடுத்து மடமடவென்று வைத்துவிட்டார். பிள்ளைகளிடம் கேட்டேன்: மொத்தம் எத்தனை புள்ளி? நடுவில் 7, மேலே 6, 5, 4, கீழே 6, 5, 4. ஆக 37. முப்பத்தேழு புள்ளிகளின் இடத்தையும் ஆச்சி ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்று உணர்ந்ததும் ஒரு எட்டாம் வகுப்புப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். சுருக்கிச் சொன்ன செய்தி அது, விரித்தால் 37 புள்ளி. கணினி அறிவியலில் பாதி வேலை இதுதான்.

அடுத்து இரண்டிரண்டு பேராக முதுகுக்கு முதுகு உட்கார வையுங்கள். ஒருவர் ஒரு சின்னக் கோலத்தைப் பார்த்து எழுதுகிறார், மற்றவர் கோலத்தைப் பார்க்காமல், எழுதியதை மட்டும் வைத்து வரைகிறார். இடுக்கு என்ற சொல்லை விட்டுவிட்டால் புள்ளிகள் நேர்ப்புள்ளியாக நின்றுவிடும். ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலமா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்களிடம் இன்னொன்று கேளுங்கள்: நான்கு பக்கமும் ஒரே மாதிரி உள்ள கோலத்தில் ஒரு மூலையை மட்டும் வரைந்து, தாளைக் கால் சுற்று திருப்பி, அதையே மறுபடி வரைந்தால் போதுமா? நான்கு முறை திருப்பினால் கோலம் முடிந்தது. பின்னால் கணினியில் இதையே செய்யப்போகிறோம்.

இதை நான் வலிந்து பொருத்தவில்லை. தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களை உருவாக்கும் விதிகளை இலக்கணமாக எழுதி 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினியின் மொழிக் கோட்பாட்டில் இன்றும் பேசப்படும் வேலை அது. வாசலில் போடுகிற ஒன்று உலக ஆய்விதழுக்குப் போயிருக்கிறது என்று ஆச்சியிடம் சொன்னபோது, "அவங்களுக்குக் கோலம் போடத் தெரியுமா?" என்றுதான் கேட்டார்.

நான்காம் படி: ஐந்து அட்டையில் தமிழ்

எனக்கு மிகவும் பிடித்த வாரம் இது. இரண்டு வாரம்கூட ஒதுக்கலாம்.

பழைய பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கத்தில் 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள் வைத்து ஐந்து அட்டைகள் செய்யுங்கள். ஐந்து பிள்ளைகள் இடமிருந்து வலமாக இந்த வரிசையில் நிற்கட்டும். அட்டையைக் காட்டலாம், அல்லது திருப்பி மறைக்கலாம், வேறு வழி இல்லை. "11 புள்ளி காட்டுங்கள்" என்றால் 8, 2, 1 மூன்றும் தெரிய வேண்டும். வேறு விதமாக 11 காட்ட முடியுமா என்று கேளுங்கள், நேரம் கொடுங்கள். முடியாது என்று அவர்களே முடிவுக்கு வரட்டும். பிறகு பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லுங்கள். 1 அட்டைக்காரன் ஒவ்வொரு தடவையும் திருப்பித் திருப்பிக் களைத்துவிடுவான், 16 அட்டைக்காரி சும்மா நிற்பாள். எல்லா அட்டையும் தெரிந்தால் 31. "முப்பத்திரண்டுக்கு?" என்று கேட்டால், "இன்னொரு அட்டை வேணும்" என்ற பதில் உடனே வரும். தெரிவதை 1 என்றும் மறைந்ததை 0 என்றும் எழுதினால் 11 என்பது 01011. இதுதான் இருமம், ஒவ்வோர் அட்டையும் ஒரு பிட்.

இங்கேதான் நம் மொழி கைகொடுக்கிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. கூட்டினால் சரியாக 31! ஐந்து அட்டைக்கு அளவெடுத்துத் தைத்தது போல. அ 1, ஆ 2 என்று தொடங்கினால் ஔ 12, ஃ 13, க 14, கடைசி ன 31. ஐந்தும் அணைந்த பூஜ்யத்தை இடைவெளிக்கு வைத்துக்கொள்ளலாம். இருட்டிய பிறகு பிள்ளைகளை இரண்டு அணியாக்கி, இரண்டு மாடிகளில் நிறுத்தி, டார்ச்சால் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். ப என்பது 22, அதாவது 10110. எரி, அணை, எரி, எரி, அணை.

முதல் செய்தியிலேயே சிக்கல் வரும், வர வேண்டும். ஓர் அணி 'கால்' என்று அனுப்பியது. கையில் துணைக்காலுக்கும் புள்ளிக்கும் எண் இல்லை. எதிர் மாடியில் வந்து சேர்ந்தது 'கல'. அவர்கள் 'கல்' என்று எழுதிக்கொண்டார்கள். இரண்டு மாடிக்கும் நடுவில் பெரிய சண்டை. ஓலைச்சுவடிகளிலும் பெரும்பாலும் புள்ளி இருக்காது, படிப்பவர் இடம் பார்த்துத்தான் 'கல்' என்றா 'கல' என்றா என்று முடிவு செய்ய வேண்டும் என்று நான் சொன்னதும் சண்டை கொஞ்சம் தணிந்தது.

சரி, எப்படித் திருத்துவது? ஆறாவது அட்டை சேர்க்கலாம் என்றான் ஒருவன். 64 இடம் கிடைக்கும், துணையெழுத்துகளும் புள்ளியும் அதில் அடங்கிவிடும். நல்ல யோசனைதான். அப்போது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "தமிழ் மிஸ் சொல்லிக் கொடுத்தாங்களே அக்கா, க் கூட்டல் ஆ, கா. 14-ஐ க் என்றே வச்சுக்கிட்டா? க், ஆ, ல். 14, 2, 26." ஒரு நிமிடம் எல்லோரும் அமைதியானோம். புது அட்டையே தேவையில்லை. தமிழ்ச் சொல்லின் நடுவில் உயிரெழுத்து தனியாக வருவதில்லை, அதனால் குழப்பமும் இல்லை. உயிர்மெய்யைப் பிரித்து எழுதும் இலக்கணப் பாடம் டார்ச் வெளிச்சத்தில் வேலைக்கு வந்துவிட்டது. விலை என்ன என்றும் கேட்டுவையுங்கள். 'படம்' முன்பு மூன்று எண்களில் போனது, இப்போது ப், அ, ட், அ, ம் என்று ஐந்து.

பெரிய பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒன்று: எட்டு அட்டை வைத்தால் 256 வடிவங்கள். நம் எழுத்துகள் மொத்தம் 247. எட்டு பிட் சேர்ந்த ஒரு பைட்டுக்குள் தமிழ் நெடுங்கணக்கு முழுவதும் உட்கார்ந்துவிடும், ஒன்பது இடம் மீதி.

ஐந்தாம் படி: பிஸ்கட் பாக்கெட்டில் ஒரு காவலாளி

டார்ச் செய்தியில் ஓர் எரி அணையாக மாறினால் எழுத்தே மாறிவிடுகிறது என்று பிள்ளைகள் அனுபவித்துவிட்டார்கள். கடையில் பார்கோடு படிக்கும் கருவி தப்பாகப் படித்தால்? பிஸ்கட் பாக்கெட்டைக் கொண்டு வாருங்கள். கோடுகளுக்கு அடியில் 13 எண்கள் இருக்கும். இந்தியாவில் பதிவான நிறுவனம் என்றால் 890 என்று தொடங்கும்.

8901234567890 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது என்று ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள்: 8, 0, 2, 4, 6, 8, 0. ஆக 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள்: 9, 1, 3, 5, 7, 9 சேர்ந்து 34, மூன்று மடங்கு 102. இரண்டும் சேர்ந்து 130. பூஜ்யத்தில் முடிகிறதா? எண் சரி. எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் பூஜ்யத்தில்தான் முடியும், ஏனென்றால் கடைசி எண்ணை வைப்பதே அதற்காகத்தான். அந்த எண்தான் நம் காவலாளி. ஓர் எண்ணை மாற்றிக் கூட்டச் சொல்லுங்கள், பூஜ்யம் வராது. கருவி அப்போது பீப் அடிக்காமல் மறுபடி படிக்கச் சொல்லும்.

எங்கள் பிள்ளைகள் அன்று மாலைக்குள் வீட்டில் இருந்த சோப்பு, எண்ணெய், ஷாம்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புக்காரர்களுக்கு மட்டும் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு எண்கள் இடம் மாறினால் காவலாளி எப்போது ஏமாறுவார்? வித்தியாசம் 5 ஆக இருந்தால், உதாரணமாக 1, 6. ஏன் என்பதை அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள், விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

ஆறாம் படி: தேடுவதும் அடுக்குவதும்

ஒன்றிலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். "பெரிசா, சின்னதா?" என்று கேட்டு ஏழே கேள்வியில் பிடித்துவிடலாம், ஒவ்வொரு முறையும் நடுவில் வெட்டினால். பத்து லட்சம் வரை போனாலும் இருபது கேள்விதான். அதன்பின் தமிழ் அகராதியில் ஒரு சொல்லை இதே முறையில் தேடச் சொல்லுங்கள். அகராதி வரிசையில் இல்லாவிட்டால் இந்த வித்தை பலிக்காது என்று புரியும்போது, அடுக்குவது எப்படி என்ற கேள்வி பின்னாலேயே வரும்.

பத்துப் பேருக்கு எண் எழுதிய அட்டை கொடுத்து வரிசையில் நிறுத்துங்கள். பக்கத்தில் இருப்பவரோடு மட்டும் ஒப்பிட்டு இடம் மாறலாம். 45 ஒப்பீடு வரை போகும். இப்போது ஐந்து ஐந்தாகப் பிரித்து, தனித்தனியே அடுக்கி, இரண்டு வரிசைகளிலும் முன்னால் நிற்பவர்களை ஒப்பிட்டுக்கொண்டே ஒன்றாக்கச் சொல்லுங்கள். ஒன்றாக்குவதற்கு 9 ஒப்பீட்டுக்கு மேல் ஆகாது. ஒருவர் எண்ணிக்கை குறித்துக்கொண்டே வரட்டும். விடைத்தாள்களை வரிசை எண்படி அடுக்கும் ஆசிரியர்கள் தெரிந்தோ தெரியாமலோ இதைத்தான் செய்கிறார்கள். இதே ருசியில் இன்னும் புதிர்கள் வேண்டும் என்றால், 2004-இல் லித்துவேனியாவில் தொடங்கிய பெப்ராஸ் போட்டியின் பழைய வினாக்களைத் தேடுங்கள். இந்தியாவிலும் அந்தப் போட்டி நடக்கிறது.

ஏழாம் படி: இப்போது லேப்டாப்

கையில் ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழி இருந்தால் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. இலவசம், இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், ஒன்றோடொன்று கோத்தால் நிரல். நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலும் இது வருகிறது. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைகளுக்கு, முக்கியமான இருபது கட்டைகளின் பொருளைத் தமிழில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இரண்டு வாரத்தில் தாளைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள்.

ஒரு லேப்டாப்புக்கு இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று. ஒருவர் கை, மற்றவர் வாய். கை வைத்திருப்பவர் வாய் சொல்வதைத்தான் செய்ய வேண்டும், வாய்க்காரர் மவுஸைத் தொடக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும், கைபேசியில் அலாரம் வைத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் கொஞ்சம் தெரிந்த பையன் மவுஸைப் பிடித்துக்கொள்வான், பெண் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பார்த்த பல வகுப்புகளில் நடந்தது இது. எனக்கு வயிறு எரியும் விஷயம். அதைவிட முக்கியம், நீங்களும் மவுஸைத் தொடாதீர்கள். பிள்ளை திணறும்போது கை பரபரக்கும். பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்கிராட்சில் நம் கட்டளைப்படி நகர்வது ஒரு பூனை. அது போகும் வழியில் கோடு போடும் பேனா என்ற நீட்சியைச் சேர்த்துக்கொண்டு முதலில் சதுரம் வரையுங்கள்: 100 அடி நகர், 90 பாகை திரும்பு, இதை 4 முறை. அப்புறம் முக்கோணம் வரையச் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அநேகமாக எல்லோரும் செய்வது இதுதான்: முக்கோணத்தின் கோணம் 60 என்று கணக்குப் புத்தகத்தில் படித்திருக்கிறார்கள், ஆகவே 100 நகர், 60 திரும்பு, 3 முறை. வருவது மூடாத ஒரு கிண்ணம். "முக்கோணம் மூடவே மாட்டேங்குது அக்கா!" என்றாள் ஒரு பெண்.

தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு, அந்தப் பெண்ணையே பூனையாக நடக்கவிட்டேன். மூலைக்கு வந்ததும், "நில். இப்ப நீ எந்தப் பக்கம் பார்த்துட்டு நிக்கிற?" கையை நேரே நீட்டினாள், கோட்டைத் தாண்டி வெளியே. "அடுத்த கோட்டுக்கு வரணும்னா?" நீட்டிய கையோடு மெல்லத் திரும்பினாள், திரும்பிக்கொண்டே இருந்தாள், பாதியைத் தாண்டிய பிறகும். "அறுபது இல்ல, ரொம்ப அதிகம்... நூத்தி இருபது!" என்று ஓடினாள். பிழை நோட்டில் அவள் எழுதியிருந்தது: உள்கோணம் இல்லை, நான் திரும்பும் கோணம். பக்கத்தில் இருந்தவன் பழைய நிரலில் 3-ஐ 6 ஆக்கிப் பார்த்தான், அழகான அறுகோணம் வந்தது. பிழையாக வந்த கிண்ணம் அறுகோணத்தில் பாதி! 4 முறை 90, 3 முறை 120, 6 முறை 60. எதைப் பெருக்கினாலும் 360. இதற்குப் பிறகு எண்கோணம் வரைய யாரும் என்னிடம் வழி கேட்கவில்லை. 5 முறை 144 திரும்பினால் நட்சத்திரம் வரும், அங்கே பெருக்கல் 720, பூனை இரண்டு சுற்று சுற்றுகிறது.

இப்படி உடம்பால் நடந்து பார்க்கும் உத்தி எம்.ஐ.டி. பேராசிரியர் சீமோர் பேப்பர்ட்டுடையது. 1967-இல் வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய லோகோ மொழியில் பிள்ளைகள் ஓர் ஆமைக்குக் கட்டளையிட்டுப் படம் வரைந்தார்கள். ஆமை தப்பாகப் போனால், நீயே ஆமையாகி நடந்து பார் என்பதுதான் அவர் வழி. ஸ்கிராட்ச் அந்தப் பரம்பரையில் வந்தது.

அடுத்த நான்கைந்து வாரம் அவர்கள் இஷ்டம். ஆச்சியின் கோலத்தின் ஒரு மூலையை வரைந்து நான்கு முறை திருப்பலாம், விழும் மாங்காயைக் கூடையில் பிடிக்கும் விளையாட்டு செய்யலாம். மதிப்பெண் வேண்டும் என்று அவர்கள் கேட்கும்போது மாறி, அதாவது மாறிக்கொண்டே இருக்கும் மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயரிட்ட பெட்டி, என்ற கருத்தைக் கொடுங்கள். கூடையில் பட்டால் கூட்டு என்று சொல்ல நினைக்கும்போது நிபந்தனையைக் கொடுங்கள். தேவை முதலில், பெயர் பிறகு. ஒருவர் செய்ததை இன்னொருவர் எடுத்து மாற்றுவதைக் காப்பி என்று தடுக்காதீர்கள்.

எட்டாம் படி: பைத்தான், பன்னிரண்டு வயதுக்கு மேல்

பைத்தான் என்பது கட்டைகளைக் கோக்காமல், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் நிரல்மொழி. அவசரம் வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளை ஆப் செய்யும் என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஸ்கிராட்சில் தனக்கு வேண்டியதைச் செய்ய இடம் போதவில்லை என்று பிள்ளையே சொல்லும் நாள்தான் சரியான நாள். நம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் பைத்தான் இருப்பதால் பின்னாலும் உதவும். கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். முழுக்கத் தமிழில் எழுதிப் பார்க்க எழில் என்ற நிரல்மொழி இருக்கிறது. பதிப்பி என்று எழுதினால் திரையில் பதிக்கும். முதல் முறை அதைப் பார்த்த பிள்ளைகளின் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

பைத்தானில் ஆமை கூடவே வருகிறது, ஸ்கிராட்சில் வரைந்த சதுரத்தையே மறுபடி வரைந்து தொடங்குங்கள். தெரிந்த வேலையைப் புதிய எழுத்தில் செய்வதால் பயம் இருக்காது. அப்புறம் சொற்களுக்குப் போகலாம். ஒரு சொல்லின் நீளத்தைக் கேட்கும் கட்டளையைச் சொல்லிக்கொடுத்து, 'அம்மா' என்று கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று வரும் என்று எழுதியிருந்தார்கள். வந்தது 5.

"கம்ப்யூட்டர் தப்பு" என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. டார்ச் அடித்த அதே பெண், இப்போது எட்டாம் வகுப்பு, விரல் விட்டு எண்ணினாள். "அ, ம, புள்ளி, ம, துணைக்கால். புள்ளியைத் தனியா எண்ணுது! நம்ம டார்ச் கணக்குல அ, ம், ம், ஆ, நாலுதானே?" ஆமாம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடு என்ற முறையில் க என்பதுதான் அடிப்படை, புள்ளியும் துணையெழுத்துகளும் அதன்மேல் ஏறும் தனிக் குறிகள். நாங்கள் மாடியில் க் என்பதை அடிப்படையாக வைத்தோம். இரண்டுமே ஒரு முடிவுதான், யாரோ சிலர் உட்கார்ந்து எடுத்த முடிவு.

தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணும் நிரல் எழுதலாமா என்று அவளே கேட்டாள். துணைக்காலிலிருந்து ஔகாரக் குறி வரை 11, புள்ளி 1, ஆக 12 குறிகளைப் பட்டியலில் வைத்தாள். சொல்லை ஒவ்வொன்றாகப் பார்த்து, பட்டியலில் இல்லாததை மட்டும் எண்ணு. பத்து வரி வந்தது. அம்மா 3, கணினி 3, தமிழ் 3. ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைப் போட்டுப் பார்த்தது, எல்லாம் சரியாக வந்தது. கடைசியாக ஒருவன் தன் பாட்டி பெயரைத் தட்டினான், லக்ஷ்மி. 4 என்று வந்தது.

"ல, க்ஷ், மி. மூணுதானே?" என்றான்.

அவள் பிழை நோட்டைத் திறந்து, இரண்டாம் பத்தியில் 4 என்று எழுதிவிட்டு, மூன்றாம் பத்தியை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு அங்கிருந்துதான் தொடங்குகிறோம்.